மலை கரைந்தது, மணி மிஞ்சியது

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் இரு புறமும், அடியில் சிவப்பும் உச்சியில் வெண்மையுமாக, ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்துக்குப் பாறைச்சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன. இந்தப் பாறைக்கு நவஹோ மணற்பாறை என்று பெயர். கிட்டே போய்ப் பார்த்தால் சுவரெங்கும் சாய்கோடுகள். ஓர் அடுக்கின் கோடுகள் ஒரு பக்கமாகச் சரிய, மேலடுக்கின் கோடுகள் அவற்றை வெட்டிக்கொண்டு வேறு சாய்வில் போகின்றன. சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நகர்ந்துகொண்டிருந்த மணற்குன்றுகளின் சரிவுகள்தான் அப்படியே கல்லாகிவிட்டன. சாய்வுகளை அளந்து, அன்றைய காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசியது என்று நிலவியலாளர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். காற்று வடக்கிலிருந்து வந்தால் மணலும் வடக்கிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்?

அந்த ஊகம் பாதிதான் சரி என்று காட்டியது, அதே மணலுக்குள் கிடந்த சிர்க்கான் என்ற கனிமம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட்டோடும் மோனசைட்டோடும் சேர்த்துப் பிரித்தெடுக்கிறார்களே, அதே சிர்க்கான்தான். நவஹோ பாறையில் அதன் துகள் ஒன்று, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. குவார்ட்ஸ் மணலுக்கு நடுவே ஆயிரத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆனால் அந்தத் தூசிதான், யூட்டாவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு மலைத்தொடர் எழுந்ததையும் கரைந்ததையும் சொன்னது. இங்கே எழுதுவது குறிப்பிட்ட ஒரு துகளின் கதை அல்ல. இந்தப் பாறையில் கணிசமாகக் கிடைக்கும் ஒரு வகைத் துகள்களின் பொதுவான வாழ்க்கை.

அது பிறந்தது ஏறக்குறைய 110 கோடி ஆண்டுகளுக்கு முன், மண்ணுக்கு வெகு ஆழத்தில். அன்றைய வட அமெரிக்காவின் கிழக்கு விளிம்பில் இன்னொரு நிலப்பரப்பு வந்து மோதிய காலம் அது. கனடாவின் கியூபெக்கிலுள்ள ஓர் ஊரின் பெயரால் இதைக் கிரென்வில் மலையாக்கம் என்கிறார்கள். லாப்ரடாரிலிருந்து டெக்சாஸ் வரை இந்த மோதலின் தழும்பு இன்றும் உண்டு. ரொடீனியா என்ற பெருங்கண்டம் ஒன்றுகூடியதும் இதையொட்டித்தான். மோதலில் புவியின் மேலோடு தடித்தது. அடிப்பகுதி சூடேறி உருகிப் பாறைக்குழம்பானது. குழம்பு மெல்லக் குளிர்ந்து கிரானைட்டாக இறுகும்போது, அதிலிருந்த சிர்க்கோனியத்துக்கு ஃபெல்ட்ஸ்பாரிலோ குவார்ட்ஸிலோ இடம் கிடைப்பதில்லை. அது சிலிக்கனோடும் ஆக்சிஜனோடும் கூடித் தனக்கென்று ஒரு படிகம் அமைத்துக்கொள்கிறது. அதுதான் சிர்க்கான்.

அந்தப் படிகத்துக்கு ஒரு குணம் உண்டு. வளரும்போது சிர்க்கோனியத்தின் இடத்தில் கொஞ்சம் யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும். ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக ஒதுக்கிவிடும். அதனால் பிறந்த அன்று அதில் ஈயம் இல்லை என்றே கொள்ளலாம். பிற்பாடு அதில் காணப்படும் ஈயமெல்லாம் உள்ளே இருந்த யுரேனியம் சிதைந்து உண்டானது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235க்குச் சுமார் 70 கோடி ஆண்டுகளே போதும். நம் துகளுக்கு வயது 110 கோடி என்றால், முதல் வகை யுரேனியத்தில் இதுவரை 16 சதவீதம்தான் சிதைந்திருக்கும். இரண்டாம் வகையிலோ மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும். ஒரே படிகத்துக்குள் இரண்டு கடிகாரங்கள், வெவ்வேறு வேகத்தில். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். நடுவில் ஈயம் கசிந்து வெளியேறியிருந்தால் இரண்டும் முரண்படும்; அந்த முரண்பாடே எச்சரிக்கை. இந்த ஒப்பீட்டை ஒரு வரைகோடாக்கித் தந்தவர் ஜார்ஜ் வெதரில், ஆண்டு 1956. ஈயம் சிர்க்கானை விட்டு எளிதில் போவதுமில்லை. 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அது நகரத் தொடங்கும். ஆகவே பிறகு எத்தனை மலைகளுக்குள் சிக்கினாலும் துகள் தன் பிறந்த காலத்தை மறப்பதில்லை.

கிரென்வில் மலைகள் தேய்ந்தன. ரொடீனியா உடைந்தது. கிழக்கு விளிம்பில் ஒரு கடல் திறந்தது. இதற்குள் பல கோடி ஆண்டுகள் ஓடிவிட்டன. நம் துகளோ பழைய மலையின் வேர்ப்பாறையில் கிடந்தபடியே கிடந்தது. பிறகு அந்தக் கடல் மூடத் தொடங்கியது. சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைத் தீவுகளின் வரிசை ஒன்று வந்து கரையில் மோதியது. அடுத்துச் சிறு கண்டத்துண்டுகள் வந்தன. கடைசியாக, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்காவே வந்து சேர்ந்தது. பாஞ்சியா என்ற பெருங்கண்டம் உருவாக, மோதல் கோடு நெடுக அப்பலாச்சிய மலைத்தொடர் எழுந்தது. இன்று அதன் மிக உயர்ந்த சிகரமான மிட்செல் 2,037 மீட்டர்தான். அன்று அது கண்டமும் கண்டமும் மோதி எழுந்த மலை. இன்றைய ஆல்ப்ஸையும் இமயத்தையும் போல.

பழைய கிரென்வில் பாறை இந்தப் புதிய மோதல்களில் மாட்டிக்கொண்டது. மடிந்தது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது, மேலே தள்ளப்பட்டது. அது மேலேறிய காலத்தைக் குறிக்க அந்தத் துகளிடம் இன்னொரு கடிகாரமும் இருந்தது. யுரேனியம்-238 அணு ஒன்று ஈயமாகி முடிவதற்குள் எட்டு ஹீலியம் அணுக்கருக்களை வெளியேற்றுகிறது. படிகத்தில் சேர்ந்திருக்கும் தோரியமும் அப்படியே சிதைந்து தன் பங்குக்கு ஆறு. ஹீலியம் வாயு. சூடாக இருக்கும்வரை அது படிகத்தில் தங்காது. உண்டாக உண்டாக நழுவிப் போய்விடும். துகள் சுமார் 180 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகுதான் சேரத் தொடங்கும். சாதாரண நிலத்தில் அந்த வெப்பம் ஆறேழு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும். ஆகவே சேர்ந்த ஹீலியத்தை அளந்தால், துகள் அந்த ஆழத்தைக் கடந்து மேலே வந்த காலம் தெரியும். இன்னொன்றும் தெரியும்: அது மேலே வர வேண்டுமானால் அதன் தலைக்கு மேலிருந்த ஆறேழு கிலோமீட்டர் பாறை அரிக்கப்பட்டோ விலகியோ போயிருக்க வேண்டும். அதாவது அங்கே ஒரு மலை இருந்து அழிந்திருக்க வேண்டும்.

ஒருநாள் வேர்ப்பாறையும் வெளிச்சத்துக்கு வந்தது. மழையில் கிரானைட் உதிர்ந்தது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறி நீரோடு போனது. குவார்ட்ஸும் சிர்க்கானும் நின்றன. சிர்க்கானின் கடினம் 7.5, குவார்ட்ஸைவிட அரை மாற்று அதிகம். அடர்த்தியோ 4.6, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65தான். எடை கூடியது என்பதால் தண்ணீரில் அது தன்னைவிடப் பெரிய குவார்ட்ஸ் மணிகளோடு சேர்ந்தே போகும், சேர்ந்தே படியும்.

மலையிலிருந்து நேரே யூட்டாவுக்குப் புறப்பட்டது என்று சொல்லிவிட முடியாது. அடிவாரத்தில் படிந்து பாறையாகி, சில கோடி ஆண்டுகள் அங்கேயே கிடந்து, அந்தப் பாறையும் அரிபட்ட பிறகு மறுபடி கிளம்பியிருக்கலாம். சிர்க்கான் இப்படி இரண்டு மூன்று பாறைகளைக் கண்டிருந்தால் வியப்பில்லை. எப்படியோ, அது மேற்கே போனது. இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தால் இது நடக்காத காரியம். அப்பலாச்சியாவின் மேற்குச் சரிவில் இறங்கும் நீரை மிசிசிப்பி வாங்கிக்கொண்டு தெற்கே போய்விடுகிறது. மேற்கே ராக்கி மலைகள் வழியை மறிக்கின்றன. ஆனால் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய ராக்கி மலைகள் எழவில்லை. அட்லாண்டிக் அப்போதுதான் திறக்கத் தொடங்கியிருந்தது. கிழக்கே மேடு, மேற்கே தாழ்நிலம். கண்டத்தின் குறுக்கே மேற்கு நோக்கி ஒரு பேராறோ, பல ஆறுகளின் கூட்டமோ ஓடத் தடை இல்லை.

ஆறு மணலை மணற்பாலையின் வடக்குப் பக்கத்துச் சமவெளிகளில் கொண்டுவந்து கொட்டியது. அங்கிருந்து வடகாற்று எடுத்துக்கொண்டது. காற்று வடக்கிலிருந்து வந்தது என்று சாய்கோடுகள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவை சொன்னது பயணத்தின் கடைசிக் கட்டத்தை மட்டுமே. முதல் இரண்டாயிரம் கிலோமீட்டரைப் பற்றி அவற்றுக்குத் தெரியாது.

பாலையில் மணற்குன்றுகள் தெற்கே நகர்ந்தன. சிர்க்கான் துகள்கள் சரிவில் உருண்டு, புதைந்து, குன்று நகர்ந்ததும் மறுபடி வெளிப்பட்டு, உரசி உரசி முனை மழுங்கின. அது முழுக்க வறண்ட பூமியும் அல்ல. குன்றுகளுக்கு நடுவே குட்டைகள் இருந்தன. டைனோசர்களின் காலடித் தடங்கள் பாறையில் பதிந்திருக்கின்றன. யூட்டா, அரிசோனா எல்லைப் பகுதியில் இந்தப் பாறையின் சரிவுகளில் ஈரமணல் சரிந்த அடையாளங்கள் ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, அவை ஆண்டுதோறும் பெய்த பருவமழையின் தடங்கள் என்று டேவிட் லூப்பும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் விளக்கினார்கள். அன்று அந்த நிலம் வெப்பமண்டலத்துக்குள் இருந்தது.

பின்னர் மேலே புதிய படிவுகள் ஏறின. மணிகளுக்கு நடுவே நிலத்தடி நீர் கனிமங்களை இறக்கி அவற்றை ஒட்டவைத்தது. இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்து பாறையைச் சிவப்பாக்கியது. சில பகுதிகளில் பிற்காலத்தில் ஊடுருவிய நீர்மங்கள் அந்தப் பூச்சைக் கரைத்து வெளுக்கச் செய்தன. இந்தப் புதைவில் ஓர் ஆபத்தும் இருந்தது. ஆழம் அதிகமாகி வெப்பம் 180 டிகிரியைத் தாண்டியிருந்தால் அதுவரை சேர்ந்த ஹீலியம் வெளியேறி, மலை ஏறிய கணக்கு அழிந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. துகள்களின் ஹீலியம் வயது பாறை படிந்த காலத்தைவிட மூத்ததாக இருப்பதே அதற்குச் சான்று. பிறகு கொலராடோ பீடபூமி முழுவதும் உயர, வர்ஜின் என்ற சிற்றாறு பாறையை அறுத்துச் சயான் பள்ளத்தாக்கைத் தோண்டியது. துகள் மறுபடி வெயிலைப் பார்த்தது.

அதைத் தேடிப் போகிறவர்கள் சில கிலோ பாறையை உடைத்து எடுத்துவருகிறார்கள். ஆய்வகத்தில் அதை மணலாகப் பொடித்து, சற்றே சாய்ந்து அதிரும் மேசையில் தண்ணீரோடு ஓடவிடுகிறார்கள். முறத்தில் புடைக்கும்போது பதர் ஒரு பக்கமும் மணி ஒரு பக்கமும் ஒதுங்குவதுபோல, கனமான துகள்கள் தனியே ஒதுங்குகின்றன. காந்தத்தைக் காட்டி இரும்புள்ள கனிமங்களை நீக்குகிறார்கள். அடுத்து, தண்ணீரைப்போல மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள மெத்திலீன் அயோடைடு திரவத்தில் போட்டால் மிச்சமிருக்கும் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்க்கான் மூழ்கும். மூழ்கியதை எடுத்துப் பிசினில் பதித்து, வழவழப்பாகத் தேய்த்து, ஒவ்வொரு துகளிலும் முடியைவிட மெல்லிய ஒரு குழியை லேசரால் போடுகிறார்கள். எழும் ஆவி நிறை நிறமாலைமானிக்குள் போகிறது. யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அது எண்ணித் தருகிறது.

ஒரு துகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. எத்தனை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பீட்டர் வெர்மீஷ் 2004இல் கணக்கிட்டபடி, மணலில் 5 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள எந்த வயதுக் கூட்டமும் விடுபடவில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல, 117 துகள்களையாவது அளக்க வேண்டும்.

வில்லியம் டிக்கின்சனும் ஜார்ஜ் கெரல்ஸும் அரிசோனா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். மணற்பாறையின் கனிமக் கலவையைக் கொண்டே அதன் தாய்நிலம் எப்படிப்பட்டது என்று வகைப்படுத்தும் முறையை 1979இல் வகுத்தவர்களில் டிக்கின்சன் ஒருவர். கொலராடோ பீடபூமியின் பெர்மியன், ஜுராசிக் காலத்துப் பாலைமணற்பாறைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சிர்க்கான் துகள்களை இருவரும் அளந்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். வயதுகள் சில கூட்டங்களாகப் பிரிந்தன. கண்டத்தின் பழைய நடுப்பகுதியைச் சேர்ந்தவை ஒருபுறம். கிரென்வில் காலத்தவை, அதற்குப் பின் 75 கோடி முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு இடைப்பட்டவை, அதற்கும் இளையவை மறுபுறம். இந்தப் பின்னிரண்டும் கிரென்வில் வயதும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்து கிடைக்கும் இடம் அப்பலாச்சியா. மணலில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்து வந்தது என்றார்கள் அவர்கள்.

கேள்வி கேட்க இன்னும் இடம் இருந்தது. கிரென்வில் வயதுள்ள பாறை டெக்சாஸின் லானோவிலும் உண்டு. யூட்டாவுக்குப் பக்கத்து மாநிலமான கொலராடோவில் பைக்ஸ் சிகரத்துக் கிரானைட்டுக்கு வயது 108 கோடி. இவ்வளவு அருகில் அதே வயதில் பாறை இருக்க, கண்டம் கடந்து எதற்குப் போக வேண்டும்? பிறந்த காலம் மட்டும் தெரிந்தால் இதற்கு விடை கிடைக்காது. அதே 2003இல் ஜெஃப்ரி ரால், பீட்டர் ரெய்னர்ஸ், இயன் கேம்பெல் முதலானோர் நவஹோ பாறையின் சிர்க்கான் துகள்களில் ஒரே துகளின் ஈய வயதையும் ஹீலியம் வயதையும் சேர்த்தே அளந்தார்கள். 120 முதல் 95 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த துகள்கள், 50 முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் குளிர்ந்திருந்தன. அப்பலாச்சிய மோதல்கள் நடந்த காலம் அது. பழைய மலையின் வேரில் பிறந்து, புதிய மலையோடு மேலே ஏறிய துகள்கள் அவை. இரண்டு மலையாக்கங்கள் ஒரே மணியில் பதிவாகியிருந்தன.

இந்தச் சாட்சிக்கும் குறைகள் உண்டு. எல்லா மலையும் ஒரே அளவு சிர்க்கானைத் தருவதில்லை. கிரென்வில் கிரானைட்டுகளில் சிர்க்கோனியம் மிகுதி. துகள்கள் நிறையவும் பெரிதாகவும் விளைந்தன. ஆகவே ஒரு மணற்பாறையில் கிரென்வில் துகள் பாதி என்றால், மணல் மொத்தமும் பாதிக்குப் பாதி அங்கிருந்து வந்தது என்று பொருளாகாது. பசால்ட் என்ற எரிமலைப் பாறையால் ஆன மலை முழுவதுமாகக் கரைந்தாலும் சிர்க்கான் கணக்கில் அதன் பெயர் அநேகமாக வராது. பாறைவிட்டுப் பாறை மாறிய துகள், கடைசியாகத் தங்கிய இடத்தைச் சொல்லாமல் முதன்முதலில் பிறந்த இடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் அனுபவமுள்ளவர்கள் சிர்க்கானை மட்டும் கேட்பதில்லை. மோனசைட், கார்னெட், மைக்கா என்று மற்ற கனிமங்களையும், காற்றும் நீரும் விட்ட தடங்களையும் சேர்த்து வைத்தே தீர்ப்பு எழுதுகிறார்கள்.

நம் துகளின் பயணம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் வர்ஜின் ஆறு சயான் சுவர்களின் மணலை அள்ளிக்கொண்டு கொலராடோ ஆற்றை நோக்கிப் போகிறது. முன்பு அது கலிஃபோர்னியா வளைகுடா வரை போயிருக்கும். 1930களில் ஹூவர் அணை எழுந்த பிறகு, அணைக்குப் பின்னால் தேங்கிய மீட் ஏரியிலேயே தங்கிவிடுகிறது.

அப்பலாச்சியா இன்று பாதி கரைந்த மலை. அதன் உச்சிகள் எப்போதோ போய்விட்டன. உயர்ந்து நிற்கும் மலைக்கும் இதே விதிதான். இமயத்தில் இன்று வெளியே தெரியும் பாறைகளில் பல, முன்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்துகிடந்தவை. அவற்றுக்கு மேலே இருந்த பாறை இமயத்தில் இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கீழே கொண்டுவருகின்றன; அதில் ஒரு பங்கு வங்கக் கடலின் தரையில் சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறியாகப் பரந்து கிடக்கிறது. 2015இல் பன்னாட்டுக் கடலடி ஆய்வுத் திட்டத்தின் 354ஆம் பயணத்தில் ஜாய்டஸ் ரெசொல்யூஷன் என்ற கப்பல், கன்னியாகுமரி இருக்கும் அதே எட்டாம் பாகை வட அட்சக்கோட்டில், இலங்கைக்குக் கிழக்கே இந்த விசிறியைப் பல இடங்களில் துளையிட்டது. மேலே வந்த மணலில் சிர்க்கான் உண்டு, மைக்கா உண்டு. இமயம் எப்போது எவ்வளவு வேகமாக எழுந்தது என்ற கேள்வியோடு மலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதே கேள்வியோடு மலையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தெற்கே கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. மலை விட்டுக்கொடுத்தது அங்கேதான் இருக்கிறது என்பதால், இரண்டாமவர்கள் போனது தப்பான இடத்துக்கு அல்ல.